கை வைக்காத படம்

இலை ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது. இருட்டுப் பெட்டிக்குள் வைத்து நீல வெளிச்சம் போட்டால், பச்சை இலை மங்கலாகச் சிவப்பு ஒளியைத் திருப்பித் தரும். நோய் பிடித்த இலை சற்றுக் குறைவாகத் தரும். இலையில் புள்ளி விழுவதற்குப் பல நாள் முன்பே இந்தக் குறைவு வந்துவிடும்.

இதை அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது ஆய்வு நிறுவனத்தில் கைதட்டினார்கள். அடுத்த வாரம் இயற்பியல் துறை, இரவல் கொடுத்திருந்த கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவள் அக்காவின் நர்சரியில், எலுமிச்சைக் கன்றுகளில் புள்ளி விழுந்தது.

பயிர்நோய்த் தடுப்பு அலுவலகம் நர்சரிக்கு சீல் வைத்தது. கன்று வளர்க்கும் நான்கு குடில்கள். முதல் குடிலில் ஒரு மூலையில்தான் புள்ளி. ஆனால் புள்ளி இல்லாத கன்றுக்கு நோய் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான்கையும் எரித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். நோய் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் காட்டினால் நல்லதை விட்டுவிடுவதாக அதிகாரி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வரை நேரம்.

அவளால் பிரித்துக் காட்ட முடியும். கேமரா வேண்டும்.

கேமரா வாங்கித் தர வேண்டியவர் கொள்முதல் அதிகாரி. நிறுவனத்தில் அவருக்கு மூணு கொட்டேஷன் என்று பெயர். வீட்டுக்கு நாய்க்குட்டி வாங்கியபோதும் மூன்று இடத்தில் விலை கேட்டார் என்று கேண்டீனில் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை. அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. எப்போதும் பெட்டியை மூடிக்கொண்டு வேலை செய்வதால் இருட்டு மேடம்.

"உக்காருங்க மேடம். ஒப்பீடு தயார்." மூணு கொட்டேஷன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மூன்று கேமராக்கள். முதல் கட்டத்தில் மெகாபிக்சல்.

"இது இருபத்துநாலு. இது இருபது. நீங்க கேக்கறது நாலு. நாலு, மேடம். என் மருமகன் போன்லயே அம்பது இருக்கு."

"அது எண்ணிக்கை சார். எனக்கு வேணுங்கறது ஆழம்."

"ஆழம்னா?"

"கருப்புலேர்ந்து வெள்ளைக்கு ஏறிப் போகப் படி இருக்குன்னு வச்சுக்குங்க. உங்க ரெண்டு கேமராவும் கொடுக்கறது இருநூத்தம்பத்தாறு படி. நான் கேக்கறது அறுபத்தஞ்சாயிரம் படி."

"அவ்ளோ படி ஏறி எங்க போகப் போறீங்க?"

அவள் சிரிக்கவில்லை. "ஒரே கன்னுல முத்தின இலை பளிச்னு இருக்கும். குருத்து மங்கலா இருக்கும். நோய் முதல்ல குருத்துலதான் தெரியும். முத்தின இலை வெளுத்துப் போகாம எடுத்தா, குருத்து கீழ இருபதாவது படிக்கு இறங்கிடும். அங்க நல்ல குருத்துக்கும் நோய்க் குருத்துக்கும் அரைப் படிதான் வித்தியாசம். அரைப் படியை எப்படி சார் பாக்கறது?"

"வெளிச்சத்தை ஏத்துங்க."

"ஏத்தினா மேல இருக்கறது வெளுத்துடும்."

"ரெண்டு தடவை எடுங்க. ஒண்ணு மேலுக்கு, ஒண்ணு கீழுக்கு."

"வெளிச்சம் பட்ட அடுத்த நொடியிலேர்ந்து இலை மாறிக்கிட்டே இருக்கும் சார். ரெண்டாவது படம் வேற இலை."

மூணு கொட்டேஷன் தலையசைத்தார். புரிந்த தலையசைப்பு. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. புரியாதவரிடம் மறுபடி சொல்லலாம்.

"நீங்க சொல்றது நியாயம். ஆனா இந்த அட்டவணையில அதுக்குக் கட்டம் இல்லையே."

"ஒரு கட்டம் சேருங்க."

"சேத்தா மூணு கம்பெனிக்கும் திருப்பி அனுப்பணும். பதில் வர ரெண்டு வாரம். உங்களுக்கு அவசரம்னீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவசரம் நிறுவனத்துக்கா மேடம், உங்க அக்காவுக்கா?"

அவள் திரையை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"ஒண்ணு சந்தோஷமான சமாசாரம். லென்ஸ் வந்தாச்சு." மேசையடியிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து வைத்தார்.

"கேமராவே முடிவாகலையே?"

"அது கமிட்டிக்குப் போகணும். லென்ஸ் துணைப்பொருள். நானே வாங்கலாம். வட்டமாத்தானே இருக்கு, மாட்டினாப் போச்சு."

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மூன்று கம்பெனியும் ஒரே குருத்தைப் படமெடுத்துக் கமிட்டிக்கு அனுப்பட்டும், படத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றாள். அட்டவணையில் கைவைக்க வேண்டியதில்லை. மூணு கொட்டேஷனுக்குப் பிடித்திருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து நிபந்தனையை எழுதினாள். ஒரு வரியை யோசித்துச் சேர்த்தாள். கேமராவிலிருந்து வந்தபடியே, எந்த மாற்றமும் செய்யப்படாத ஃபைலாக இருக்க வேண்டும். விற்க வருபவர்கள் படத்தை மெருகேற்றிக் கொண்டுவருவார்கள். அவளுக்குத் தெரியும்.

"நல்ல வரி மேடம்," என்றார் மூணு கொட்டேஷன்.

அவள் கேட்ட கேமராவை விற்பவர் வியாழக்கிழமை வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். கேமராப் பெட்டியை மட்டும் வேறு யாரையும் தூக்க விடவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு விக்கும் மேடம். ஒண்ணு திரும்பி வரும்," என்றார்.

"ஏன் திரும்பி வரும்?"

"கலர் வரலைன்னு. இது கருப்பு வெள்ளைதானே எடுக்கும்."

முதலில் நிறுவனத்தின் புது லென்ஸை மாட்டிப் பார்த்தார்கள். நடுவில் இலை தெரிந்தது. நான்கு மூலையிலும் இருட்டு. மூலைக்குப் போகப் போக இலையின் ஒளி சரிந்துகொண்டே வந்தது. அவள் எண்களைப் பார்த்தாள்.

"இந்த லென்ஸ் வழியாப் பாத்தா எல்லா இலைக்கும் ஓரத்துல வியாதி."

"இது விழவைக்கிற வெளிச்ச வட்டம் சின்னது மேடம். நம்ம சென்சார் பெருசு. குழந்தைப் போர்வையைப் பெரிய கட்டில்ல இழுத்துப் போத்தற மாதிரி. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் குளிரும்."

"திருப்பிக் கொடுக்கலாமா?"

"பிரிச்சுட்டாங்களே."

அவர் தன் பெட்டியிலிருந்து வேறொரு லென்ஸை எடுத்தார். கனமாக இருந்தது. முன்பக்கக் கண்ணாடி அகலம். சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஃபில்டரை அதன் மேல் திருகினார். சென்சார் குளிர்வதற்குக் காத்திருந்தார்கள். கேமராவின் சிறு விசிறி சுற்றும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

இரண்டு குருத்துகள். ஒன்று நல்லது. ஒன்று புள்ளி விழுந்த கன்றுக்குப் பக்கத்துக் கன்றிலிருந்து அனுமதி வாங்கி எடுத்து வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அவள் பெட்டியை மூடினாள். நீல வெளிச்சம். க்ளிக்.

நல்ல குருத்து ஐயாயிரத்து நூற்று இருபது. மற்றது ஐயாயிரத்துச் சொச்சம். நூறு படிக்கு மேல் வித்தியாசம். இலைகளை இருட்டில் ஆறவிட்டு மறுபடி எடுத்தாள். அதே எண்கள். இலைகளை இடம் மாற்றி வைத்து எடுத்தாள். எண்களும் இடம் மாறின.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"படம் வேணுமா மேடம்? கமிட்டிக்கு?" என்றார் விற்பனையாளர். "கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி அனுப்பட்டுமா? பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"வேண்டாம். கை வைக்காம அப்படியே அனுப்புங்க."

"அப்படியேவா?"

"நிபந்தனை அதுதான்."

அவர் ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டார். வாங்குகிறவரிடம் வாக்குவாதம் செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தாள்.

"தெரியுதா?" என்றாள் அக்கா.

"தெரியுது அக்கா. சுத்தமாத் தெரியுது."

"கண்ணுக்கா?"

"இல்ல. எண்ணுல."

"எண்ணை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? எப்ப வருவே, அதைச் சொல்லு. ஒரு கேமரா வாங்க இத்தனை நாளா? இங்க ஒருத்தன் கல்யாணம் பண்ணி, குழந்தை பெத்து, அந்தக் குழந்தைக்குப் போட்டோவும் எடுத்துட்டான்."

"நாளைக்குக் கமிட்டி."

"கமிட்டியில எத்தனை பேரு?"

"அஞ்சு."

"அஞ்சு பேருக்கு ஒரு கேமரா. நல்லா இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

கமிட்டி வெள்ளிக்கிழமை காலை கூடியது. கூட்ட அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்தது. திரைச்சீலையின் கயிறு அறுந்து மாதக்கணக்காகிறது. வெயில் நேராகத் திரையில் விழுந்தது. இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் செடிகளோடு வேலை செய்தவர். அவள் அதை நம்பியிருந்தாள். மற்ற மூவரும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூணு கொட்டேஷன் முதல் ஃபைலைத் திறந்தார்.

இருபத்துநாலு மெகாபிக்சல். குருத்து சிவந்து ஜொலித்தது. நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்தில் இருந்த ரோமம்கூடத் தெரிந்தது. தேநீர் கலக்கியவர்கள் நிமிர்ந்தார்கள்.

"ஆகா," என்றார் ஒருவர்.

இரண்டாவது. அதுவும் சிவப்பு. கொஞ்சம் மங்கல்.

மூன்றாவது ஃபைலைத் திறந்தார். திரை கருப்பானது.

"திறக்கலையா?" என்றார் இயக்குநர்.

"திறந்துடுச்சு சார்."

"அப்ப படம் எங்க?"

"இதுதான் படம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தால் நடுவில், கருப்புக்குள் ஏதோ கருப்பு இருந்தது. தெரிந்தவர்களுக்கு அது இலை.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது. குருத்து கீழ்ப் படிகளில் இருக்கிறது. மேலே உள்ள படியெல்லாம் முற்றிய இலைக்காக அவளே காலியாக விட்டது. இந்தப் படத்தில் முற்றிய இலை இல்லை. குருத்து மட்டும் போதும் என்று எழுதியதும் அவள்தான். கேமரா எதையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. இருந்ததை இருந்தபடி கொடுத்திருக்கிறது. இந்த வெயிலில் இந்தத் திரையில் அது கருப்பு.

"இருட்டு மேடம் படம் இருட்டாத்தானே இருக்கும்," என்று ஒருவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சார், எண் எல்லாம் உள்ள இருக்கு. கீழ இருக்கற படிகளை மட்டும் விரிச்சுக் காட்டினாப் போதும். என் லேப்டாப்ல ஒரு நிமிஷம்..." அவள் எழுந்தாள்.

மூணு கொட்டேஷன் ஒரு விரலை உயர்த்தினார். கோபமில்லை. வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது.

"மேடம். 'கேமராவிலிருந்து வந்தபடியே, எந்த மாற்றமும் செய்யப்படாத.' உங்க வரி."

"இது மாற்றம் இல்ல சார். எண்ணை நான் தொடமாட்டேன். காட்டறதைத்தான் மாத்தறேன்."

"கருப்பா இருக்கறதை வெளுப்பாக் காட்டறது மாற்றம் இல்லையா?"

"அப்ப அந்த முதல் கேமரா? அது தானாவே வெளிச்சத்தை ஏத்தி, ஓரத்தைக் கூராக்கி, நிறத்தைப் போட்டுக் கொடுத்திருக்கு. நல்ல இலை, கெட்ட இலை எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தூக்கி நிறுத்தியிருக்கு. போதாததுக்கு அதோட சென்சாருக்கு முன்னால ஒரு கண்ணாடி இருக்கு. நமக்கு வேண்டிய சிவப்புல பெரும்பாகத்தை அது உள்ளயே விடாது."

"அது கேமரா பண்ணது. மனுஷங்க கை வைக்கலையே."

அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா நாளைக்கு மத்த ரெண்டு கம்பெனிக்காரனும் வந்து, ஒருத்தன் ஃபைலை மட்டும் சரி பண்ணிப் பாத்தீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்ல? வரியை எழுதினதும் நீங்க. இப்ப அதைத் தாண்டணும்னு சொல்றதும் நீங்க. அதுவும் உங்க அக்கா நர்சரிக்காக."

அவளிடம் பதில் இருந்தது. நீளமான பதில். அதற்கு ஒரு கரும்பலகையும் இருட்டான அறையும் வேண்டும்.

"படத்துல இருக்கற எண்ணையாவது படிக்கிறேன் சார்."

"எண்ணுக்குக் கட்டம் இல்ல மேடம்," என்றார் மூணு கொட்டேஷன் மெதுவாக.

இருபத்துநாலு மெகாபிக்சல் தேர்வானது. வெளியே வரும்போது மூணு கொட்டேஷன் அவளோடு நடந்தார். "ஸ்டாக்ல இருக்காம். மதியமே வந்துடும். இவ்ளோ வேகமா நான் எதையும் வாங்கிக் கொடுத்ததில்ல மேடம்," என்றார். உண்மையிலேயே அவளைத் தேற்ற நினைத்தார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

விற்பனையாளர் வராந்தாவில் காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பெட்டியின் கொக்கிகளை மாட்டத் தொடங்கினார்.

"கருப்பா?"

"கருப்பு."

"எதிர்பாத்தேன் மேடம்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன்."

அவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு கேட்டாள். "இன்னைக்கு மட்டும் கேமரா கிடைக்குமா?"

"சாயங்காலம் இதை வண்டி ஏத்தணும். நாளைக்கு வேற ஊர்ல டெமோ."

"சாயங்காலம் வரைக்கும்."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "வித்தா கமிஷன். விக்காததுக்கு வேலையும் பாக்கணுமா?" என்றார். பிறகு, "பெட்டியை நான்தான் தூக்குவேன்," என்றார்.

நர்சரி வாசலில் நாடா கட்டியிருந்தது. செருப்பை மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டு உள்ளே போனார்கள். அக்கா பூவாளியை வைத்துவிட்டு வந்தாள்.

"சார் யாரு? கேமரா வித்தவரா?"

"விக்காதவரும்மா," என்றார் விற்பனையாளர். "உங்க தங்கச்சி கருப்பாப் படம் எடுத்து என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்க."

"அவ சின்ன வயசுலயே அப்படித்தான். குடும்பப் போட்டோவுல எங்க எல்லார் தலையையும் வெட்டிட்டா."

"அக்கா, நேரமில்ல. ஒரு ஷெட்டுதான் முடியும். எது?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "ஒண்ணா?"

"ஒண்ணு."

"முதல் ஷெட்டு. ஒட்டுக்கன்னு எல்லாம் அங்கதான் இருக்கு. ரெண்டு வருஷம் வளத்தது."

"புள்ளி விழுந்தது அங்கதானே. பாதிக்கு மேல போயிருக்கும். நாலாவது ஷெட்டு தள்ளி இருக்கு. அங்கதான் நல்லது அதிகம் மிஞ்சும்."

"நாலாவதுல இருக்கறது வெறும் விதைக்கன்னு. மூணு மாசப் பிள்ளைங்க. அதை வச்சு நான் என்ன பண்ண?"

"உயிரோட இருக்கும் அக்கா."

அக்கா முதல் குடிலைப் பார்த்தாள். பிறகு நாலாவதை நோக்கி நடந்தாள்.

குடிலின் ஒரு மூலையைக் கருப்புத் துணியால் மூடினார்கள். இலைகள் இருட்டில் பழக வேண்டும். அக்கா தொட்டிகளைக் கொண்டுவந்து துணிக்குள் வரிசையாக வைத்தாள். விற்பனையாளர் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக லென்ஸின் கீழ் தள்ளினார். அவள் எண்ணைப் பார்த்தாள். குறைவாக இருந்தால் "நாடா" என்பாள். அக்கா தண்டில் சிவப்பு நாடா கட்டுவாள். வியர்வை கொட்டியது.

ஒருமுறை அக்கா லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலையே. கருப்பா இருக்கு."

அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். கீழ்ப் படிகள் விரிந்தன. நல்ல குருத்துக்குப் பச்சையும் நோய்க் குருத்துக்குச் சிவப்பும் வந்தன.

"இதை அங்க காட்டியிருக்கலாமே!"

"காட்ட விடல."

"யாரு?"

"நான்."

அக்காவுக்குப் புரியவில்லை. விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

வெயில் சாயும்போது விற்பனையாளர் எழுந்தார். கடைசி இரண்டு வரிசை பாக்கி இருந்தது. "மேடம், வண்டி," என்றார். லென்ஸைக் கழற்றி மூடி போட்டார். போகும்போது அக்காவிடம், "நல்ல கன்னும்மா," என்றார்.

சனிக்கிழமை புதுக் கேமராவோடு வந்தாள். இரண்டாவது குடிலில் உட்கார்ந்தாள். படங்கள் அழகாக வந்தன. புள்ளி விழுந்த கன்றையும் எடுத்தாள், விழாததையும் எடுத்தாள். இரண்டும் ஒரே சிவப்பு. தானாக வெளிச்சம் ஏற்றுவதை நிறுத்திப் பார்த்தாள். வெளிச்சம் ஏறுவது நின்றது. கேமரா நிறத்தைத் திருத்திக்கொண்டது. அதையும் நிறுத்தினாள். ஒளி இருபதாவது படியில் போய் உட்கார்ந்தது. நோய் உள்ளதும் இருபது. இல்லாததும் இருபது. சிலது பத்தொன்பது. அதில் எந்த ஒழுங்கும் இல்லை.

இயற்பியல் துறைக்குப் போன் செய்தாள். அவர்கள் கேமரா ஒரு தொலைநோக்கியின் பின்னால் மாட்டப்பட்டு மலைமேல் இருந்தது. விற்பனையாளருக்குப் போன் செய்தாள். டெமோ இரண்டு நாள் என்றார். குரலில் கூச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தாள். மத்தியானம் அக்கா சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னைக்குப் போட்டியே, பச்சை, சிவப்பு. அதை இந்தக் கேமரா படத்துக்கும் போட முடியுமா?"

"போட முடியும்."

"அப்ப போடேன்."

"எது நோய்னே தெரியலையே. எதுக்குச் சிவப்பு போடறது?"

"எதுக்கும் போடாதே. எல்லாத்துக்கும் பச்சை போடு."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கொஞ்சத்துக்குச் சிவப்பு போடு. நம்பற மாதிரி. முதல் ஷெட்டுல அந்த மூலைக்கு மட்டும்." அக்காவின் குரல் இறங்கியது. "யாருடி பாக்கப் போறா? அஞ்சு பேரு உக்காந்து அழகா இருக்கறதை எடுத்தாங்களே. இதுவும் அழகாத்தானே இருக்கும்?"

அது நடக்கும். அவளுக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. அதிகாரி படத்தைப் பார்ப்பார், எண்ணைக் கேட்கமாட்டார்.

"நோய்க்கன்னு வெளிய போகும் அக்கா. வாங்கறவங்க தோட்டம் பூரா பரவும்."

"எல்லாத்துலயுமா நோய் இருக்கு?"

"இல்ல."

"பாதி?"

"தெரியாது. அதுதான் தெரியல."

"தெரியாததுக்கு எரிக்கலாம். தெரியாததுக்குப் பச்சை போடக் கூடாது. அப்படித்தானே?"

அவள் லேப்டாப்பை மூடினாள். அக்கா தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். நாலாவது குடிலின் படங்களைப் பெரிய தாளில் அச்சடித்து வைத்திருந்தாள். பச்சையும் சிவப்பும். பக்கத்தில் எண்கள். அதிகாரி எண்களைப் பார்க்கவில்லை.

"அட, பளிச்னு தெரியுதே. இவ்ளோ சுலபமா இது? மத்த மூணு ஷெட்டுக்கும் கொடுங்க, பாத்துட்டு விட்டுடறேன்."

அக்கா தள்ளி நின்றாள். இவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் பூவாளியிலிருந்து தண்ணீர் விழுவது நின்றிருந்தது.

"மத்த மூணுக்கும் இல்ல சார்," என்றாள் அவள்.

"ஏன்? கேமரா வாங்கிட்டதா உங்க ஆபீஸ்ல சொன்னாங்களே?"

"வாங்கினாங்க. அது பிரிச்சுக் காட்டாது."

அதிகாரி அவளை ஒரு விதமாகப் பார்த்தார். தாளைப் புரட்டினார். "அப்ப நாலாவதுல நாடா இல்லாததை மட்டும் விடறேன். கடைசி ரெண்டு வரிசைக்கும் படம் இல்லைங்கறீங்க. அதையும் எடுத்துடணும்."

ஆட்கள் குடில்களுக்குள் போனார்கள். எரிப்பதற்குப் பின்பக்கம் குழி வெட்டியிருந்தார்கள். முதல் குடிலிலிருந்து தொட்டிகள் வரத் தொடங்கின. ஒட்டுக்கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. ஆட்கள் இரண்டு கையிலும் இரண்டிரண்டாகப் பிடித்து வந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. நாலாவது குடிலின் கடைசி வரிசைக்குப் போய்த் தொட்டிகளைத் தூக்கினாள்.

அவளும் குனிந்தாள்.

"விடு," என்றாள் அக்கா. "இது படம் இல்லாதது. இதை நான் எடுக்கறேன். நீ நாடா கட்டினதை எடு."

நாடா கட்டியவை குடில் முழுக்க அங்கங்கே இருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துக் குழிக்குக் கொண்டுபோனாள். அக்கா கரையில் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மண். தட்டிலிருந்து ஒரு கன்றை எடுத்து, குருத்தை விரல்களுக்கு நடுவே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இளம்பச்சை. ஒரு புள்ளி இல்லை. இரண்டு புதுத் துளிர் விட்டிருந்தது.

"இதுக்கு நிச்சயமா நோயா?"

"நிச்சயம் அக்கா."

"பாத்தா நல்லா இருக்கே."

"ஆமா."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்திருந்தாள். பிறகு குழிக்குள் போட்டுவிட்டு, அடுத்ததுக்குக் கை நீட்டினாள்.